ஏரிமேல் மஞ்சள் பாதை: இசேயோ பயணக் குறிப்புகள்

ஜூன் 26, 2016, ஞாயிறு இரவு, மிலான்

நாளைக் காலை கிளம்புகிறோம். மிலானுக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, மலைகளுக்கு நடுவில் இசேயோ என்றொரு ஏரி இருக்கிறது. அதன்மேல் கிறிஸ்டோ என்ற கலைஞர் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு மிதக்கும் பாதை போட்டு, மேலே மஞ்சள் துணி விரித்து வைத்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் ஏறி நடக்கலாம். டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது. ஜூன் 18 தொடங்கி ஜூலை 3 வரை 16 நாள் மட்டும். அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடுவார்கள்.

எங்கள் கட்டடக்கலை முதுகலை வகுப்பிலிருந்து ஒரு கூட்டமாகப் போகிறோம். மதுரைக்காரி நான், கொலம்பியாவிலிருந்து ஒருத்தி, ஈரானியர்கள் இரண்டு பேர், பிரெஷா ஊர்ப் பையன் ஒருவன், மிச்சம் மிலான்காரர்கள். நகர வடிவமைப்பு சொல்லித்தரும் பேராசிரியையும் கூட வருகிறார். அவர் போட்டிருக்கும் கட்டளை ஒன்றே ஒன்றுதான்: பாதையில் ஏறிய முதல் ஒரு மணி நேரம் யாரும் போனை வெளியே எடுக்கக் கூடாது. பென்சிலும் நோட்டும் போதும்.

கிறிஸ்டோவைப் பற்றி இந்த வாரம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். 1935 ஜூன் 13 அன்று பல்கேரியாவின் கப்ரோவோவில் பிறந்தவர். அவருடைய மனைவி ழான்-க்ளோத் அதே ஆண்டு அதே தேதியில் மொராக்கோவின் காசாபிளாங்காவில் பிறந்தார். பெரிய வேலைகளை இருவரும் சேர்ந்தே செய்தார்கள், இரண்டு பெயரும் போட்டே வெளியிட்டார்கள். 1995இல் பெர்லினின் ரைக்ஸ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடத்தை முழுவதுமாகத் துணியால் போர்த்தினார்கள். யோசனை தோன்றியதிலிருந்து அது நடக்க 24 வருஷம் ஆனது. 2005இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் நடைபாதைகளில் காவித் துணி தொங்கும் 7,503 வாசல்களை நிறுத்தினார்கள். மிலான் பேராலயச் சதுக்கத்தில் குதிரைமேல் இருக்கும் விக்டர் இம்மானுவேல் சிலையை 1970இல் துணி சுற்றிக் கட்டியவர்களும் இவர்கள்தான். அந்தச் சிலையின் படிக்கட்டில் உட்கார்ந்து எத்தனையோ மத்தியானம் சாப்பிட்டிருக்கிறேன்.

தண்ணீர்மேல் நடக்க ஒரு பாதை என்ற எண்ணமும் அதே 1970இல் வந்ததுதான். முதலில் அர்ஜென்டினாவின் பிளாத்தா நதி முகத்துவாரத்துக்கு யோசித்தார்கள். தொண்ணூறுகளில் டோக்கியோ விரிகுடாவுக்கு யோசித்தார்கள். இரண்டு இடத்திலும் அனுமதி கிடைக்கவில்லை. 2009இல் ழான்-க்ளோத் காலமானார். அவர் போன பிறகு 2014இல்தான் கிறிஸ்டோ இந்த ஏரியைத் தேர்ந்தெடுத்தார். இப்போது அவருக்கு 81 வயது. ஒரு எண்ணத்தை 46 வருஷம் கைவிடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் பாதி ஆசை அதனால்தான்.

ஜூன் 27, திங்கள், இசேயோ

மிலானிலிருந்து பிரெஷா வரை எந்தச் சிக்கலும் இல்லை. அங்கே மலைப்பக்கம் போகும் சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். நடைமேடையில் நிற்க இடமில்லை. பாட்டிமார், தள்ளுவண்டியில் குழந்தைகள், நாய்கள், ஒரு பாதிரியாருடன் வந்த பள்ளிப் பிள்ளைகள் என்று ஊரே திரண்டு வந்தது போல் இருந்தது. ஏரிக்கரைச் சின்ன ஊரான சுல்சானோவில்தான் பாதை தொடங்குகிறது. அந்த நிலையம் இத்தனை பேரைத் தாங்காது என்பதால் ஆட்களைத் தவணை தவணையாகத்தான் அனுப்புகிறார்கள். வெயிலில் நெடுநேரம் நின்றோம்.

பிரெஷா பையன்தான் வழி சொன்னான். சுல்சானோ வரை போகும் வண்டிக்காகக் காத்திருக்காமல், இசேயோ ஊர் வரை போகும் வண்டியில் ஏறிவிடலாம், அங்கிருந்து நடந்தால் ஐந்து கிலோமீட்டர்தான் என்றான். இசேயோவில் கூடாரம் போட இடம் சொல்லி வைத்திருந்தோம். மூட்டைகளை அங்கே போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தோம். பில்சோனே என்ற ஊரிலிருந்து வலேரியானா என்ற பழைய சாலை மலைச்சரிவில் ஏறிப் போகிறது. இரண்டு பக்கமும் ஆலிவ் மரங்கள், கல் சுவர்கள், இடைவெளிகளில் கீழே ஏரி.

ஒரு வளைவில் முன்னால் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பச்சையும் நீலமும் கலந்த தண்ணீருக்குக் குறுக்கே மஞ்சளாக ஒரு கோடு. அடுத்த கரையில் அது திரும்புகிறது, கொஞ்சம் தள்ளி ஒரு குட்டித் தீவைச் சுற்றிக்கொள்கிறது. மேலே ஆயிரக்கணக்கான புள்ளிகள் மெல்ல நகர்கின்றன. படத்தில் நூறு தடவை பார்த்ததுதான். ஆனால் படத்தில் கோடுதான் தெரியும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு ஆள், ஒவ்வொருவரும் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பது நேரில் பார்த்தால்தான் உறைக்கிறது.

சுல்சானோவில் தெருக்களிலேயே துணி தொடங்கிவிடுகிறது. சுல்சானோவிலும் எதிரே இருக்கும் மோந்தே ஈசோலா தீவின் பெஸ்கியேரா மராலியோ ஊரிலுமாகச் சேர்த்து 2.5 கிலோமீட்டர் தெருவுக்கு இதே துணியை விரித்திருக்கிறார்கள். மருந்துக்கடை வாசல், மதுக்கடை வாசல், வீட்டுப் படி, எல்லாம் மஞ்சள். வளைந்து இறங்கும் தெருவில் கூட்டத்தோடு போய்க்கொண்டே இருந்தோம். ஒரு கட்டத்தில் காலடியில் தரை லேசாக இளகியது. கரை முடிந்துவிட்டது.

போனைப் பைக்குள் போட்டோம். பாதை 16 மீட்டர் அகலம். நல்ல பெரிய தேர் ஓடும் வீதி அளவு. தண்ணீர்மட்டத்திலிருந்து 35 சென்டிமீட்டர் உயரம்தான். கைப்பிடிச் சுவர் எதுவும் கிடையாது. இரண்டு ஓரமும் சரிந்து அப்படியே தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. ஓரத்துக்கு யாராவது ரொம்பவும் போனால் பணியாளர்கள் விசில் ஊதுகிறார்கள். படகுகளில் உயிர்காப்பு ஆட்கள் சுற்றி வருகிறார்கள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பாதிப் பேர் அப்படித்தான் நடக்கிறார்கள். துணிக்கு அடியில் மெத்தென்று கம்பளி போல ஒரு அடுக்கு, அதற்கும் கீழே பிளாஸ்டிக் கட்டைகள். குதிகாலால் அழுத்தினால் கட்டைகளின் விளிம்பு கட்டம் கட்டமாகத் தட்டுப்படுகிறது. படகு ஒன்று தூரத்தில் போனால் கொஞ்ச நேரம் கழித்து அதன் அலை வந்து சேர்கிறது. முதலில் ஓரம் எழுகிறது, பிறகு நாம் நிற்கும் இடம், பிறகு அந்தப் பக்கத்து ஓரம். யாரும் விழுவதில்லை. ஆனால் எல்லோருடைய முழங்காலும் ஒரே நேரத்தில் கொஞ்சம் மடங்குகிறது.

வரைவதற்காக ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். துணியை இழுத்துப் பிடித்துத் தைக்கவில்லை. வேண்டுமென்றே தளர்வாக விட்டிருக்கிறார்கள். அதனால் எங்கு பார்த்தாலும் சின்னச் சின்ன மடிப்பு. வெயில் விழும் மடிப்பு பொன் போல மின்னுகிறது, அதன் நிழல்பக்கம் செம்மஞ்சள். தண்ணீர் தொட்டுத் தொட்டுப் போகும் ஓரத்தில் துணி நனைந்து கிட்டத்தட்ட செங்கல் நிறமாகிவிட்டது. அந்த நனைந்த பட்டை அலைக்குத் தகுந்த மாதிரி அகலமாகிறது, குறுகுகிறது. என்னிடம் இருந்தது கறுப்புப் பென்சில் ஒன்றுதான். எந்த நிறம் எங்கே என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் அதிகம் வரைந்தது கால்களைத்தான். பேராசிரியை எங்களிடம் வகுப்பில் அடிக்கடி கேட்கும் கேள்வி, ஒரு இடம் மனிதர்களை எப்படி நடக்க வைக்கிறது என்பது. இங்கே அதற்குக் கண்கூடான பதில் கிடைக்கிறது. ரயில் நிலையத்தில் இடித்துக்கொண்டு முன்னேறிய அதே ஆட்கள் இங்கே வந்ததும் வேகத்தை விட்டுவிடுகிறார்கள். ஓரிடத்துக்குப் போய்ச் சேரும் நடை இல்லை இது. பத்தடி நடக்கிறார்கள், குனிந்து தரையைப் பார்க்கிறார்கள், தண்ணீரைப் பார்க்கிறார்கள், திரும்பவும் நடக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வந்த ஒரு வயதான அம்மாள் நடுப்பாதையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, செருப்பை அவிழ்த்து இரண்டு பாதத்தையும் துணியில் ஊன்றி வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவருடைய பேரன் வயதில் ஒருவன் பக்கத்தில் பொறுமையாக நின்றான்.

சாயங்காலம் 6 மணிக்கு ஐரோப்பியக் கோப்பையில் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் ஆட்டம். கரையோரக் கடைகளில் டிவி முன்னால் கூட்டம் கூடிவிட்டது. நாங்கள் பாதையிலேயே இருந்தோம். இத்தாலி கோல் போட்டதும் சுல்சானோவிலிருந்து ஒரு கூச்சல் தண்ணீர்மேல் உருண்டு வந்தது, ஒரு நொடி தள்ளி எதிர்க்கரைத் தீவிலிருந்து இன்னொன்று. பாதையில் நின்ற முன்பின் தெரியாத ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். 2-0 என்று ஜெயித்தார்கள்.

இரவு அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "கைப்பிடி ஒண்ணும் காணமேடி?" இரண்டாவது: "ராத்திரியிலயும் இதுமேல நடப்பாங்களா?" முதலில் 24 மணி நேரமும் திறந்துதான் வைத்திருந்தார்கள். கூட்டம் தாங்கவில்லை. இப்போது நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மூடி, துணியைச் சுத்தம் செய்து பழுது பார்க்கிறார்கள். "அப்ப காலையில முதல் ஆளா போயிடு" என்றாள். நாளைக்கு அதுதான் திட்டம்.

ஜூன் 28, செவ்வாய், மோந்தே ஈசோலா

இருட்டோடு இருட்டாக இசேயோவிலிருந்து நடந்து, திறக்கும் நேரத்துக்கு சுல்சானோ வாசலில் நின்றோம். ஆறு மணிக்கு விட்டார்கள். சுல்சானோ கிழக்குக் கரையில் இருக்கிறது. சூரியன் அதன் முதுகுப்பக்க மலையைத் தாண்டித்தான் வர வேண்டும். அதனால் வெளிச்சம் முதலில் எதிரே இருக்கும் மோந்தே ஈசோலா தீவின் உச்சியில் விழுந்தது. அங்கிருந்து மெதுவாகச் சரிவில் இறங்கி, ஊரின் ஓட்டுக் கூரைகளில் இறங்கி, தண்ணீரைத் தொட்டு, எங்களை நோக்கிப் பாதைமேல் நகர்ந்து வந்தது. நிழலில் இருந்தவரை துணி மங்கலான சாமந்தி நிறம். வெயில் பட்ட இடம் மட்டும் பொன். அந்த எல்லைக் கோட்டை எதிர்கொண்டு நடந்தோம். ராத்திரி ஈரத்தில் துணி குளிர்ந்திருந்தது. ஆள் குறைவாக இருந்ததால் அடியில் தண்ணீர் கட்டைகளில் மோதும் சத்தம் கூடக் கேட்டது.

மோந்தே ஈசோலாவில் 2,000க்கும் குறைவான பேர்தான் இருக்கிறார்கள். தீவு முழுக்க ஒரே மலை. தனியார் கார் கிடையாது, மோட்டார் சைக்கிளும் ஒரு சின்ன பஸ்ஸும்தான். கரைக்குப் போக எப்போதும் படகுதான். சுல்சானோவுக்குப் படகில் சில நிமிடம்தான் ஆகும், ஆனால் அந்தச் சில நிமிடத்துக்காகப் படகு நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு எல்லாம். இந்த 16 நாளில்தான் இந்தத் தீவுக்காரர்கள் முதன்முறையாகக் கரைக்கு நடந்து போகிறார்கள்.

பெஸ்கியேராவில் கரையோரம் ஒரு வீட்டு வாசலில் பாட்டி ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். இந்தத் தீவின் பழைய தொழில் அது. மீன்பிடிப்பும் வலை பின்னுவதும்தான் இங்கே சோறு போட்டிருக்கின்றன. வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலில் உட்கார்ந்து பின்னுவார்களாம். பாட்டி கையில் நூல் சுற்றிய தட்டையான ஊசி, இன்னொரு கையில் விரலகலத்துக்கு ஒரு மரப்பட்டை. பட்டையைச் சுற்றி நூலை விட்டு, மேல்கண்ணிக்குள் ஊசியைக் கொடுத்து, பெருவிரலால் அமுக்கிப் பிடித்து ஒரு சுண்டு. முடிச்சு விழுந்துவிட்டது. பட்டையின் அகலம்தான் கண்ணியின் அளவு. அதனால் பார்க்காமலே பின்னுகிறார். எங்களோடு பேசிக்கொண்டே, போகிறவர் வருகிறவருக்குத் தலையாட்டிக்கொண்டே, விரல்கள் மட்டும் தம் போக்கில் ஓடின.

பிரெஷா பையன்தான் இடையில் இருந்து பேச்சை மாற்றிச் சொன்னான், ஏனென்றால் பாட்டி பேசியது அந்த வட்டாரத்துப் பேச்சு. மூட்டுவலியால் படகில் ஏறி இறங்குவது கஷ்டமாம். சுல்சானோவில் கல்யாணமாகிப் போன தங்கச்சியைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்ததாம். பாதை திறந்த இரண்டாவது நாள் விடியற்காலையில் கைத்தடியோடு நடந்தே போயிருக்கிறார். "அவ வீட்டு வாசல்ல போய் நின்னதும் அவளுக்குப் பேச்சே வரலை" என்றார். ஜூலை 3க்கு அப்புறம் என்ன செய்வீர்கள் என்று கொலம்பியத் தோழி கேட்டாள். பழையபடி படகுதான், அதில் என்ன என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணிக்குப் போனார்.

மத்தியானம் அதே கரையில் சாப்பிட்டோம். இந்த ஏரியில் மத்தி போல மெலிந்த ஒரு மீன் கிடைக்கிறது. அதை உப்பிட்டு, வளைத்த குச்சிகளில் கோத்து வெயிலில் காயவைத்து, பிறகு எண்ணெயில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் வைக்கிறார்கள். கருவாடேதான். சுட்டு, சோள மாவுக் களியோடு தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். வாசனை வந்ததுமே எனக்கு நாக்கு ஊறிவிட்டது. பக்கத்தில் இருந்த ஈரானியப் பையன் தன் பங்கையும் என்னிடம் தள்ளிவிட்டான்.

சாப்பிட்டதும் சான் பாவ்லோ தீவுக்கு. மோந்தே ஈசோலா கரையிலிருந்து பாதை இரண்டு கிளையாகப் பிரிந்து போய் அந்தக் குட்டித் தீவைச் சுற்றிக்கொள்கிறது. மேலே பங்களா, மரங்கள், மதில். உள்ளே விடமாட்டார்கள். தீவு பெரெட்டா குடும்பத்தின் சொத்து. பெரெட்டா என்றால் துப்பாக்கி. 1526 முதல் துப்பாக்கி செய்கிற குடும்பம், அவர்களுடைய தொழிற்சாலை இங்கிருந்து கிழக்கே அடுத்த பள்ளத்தாக்கில், கார்தோனேயில் இருக்கிறது.

பிரெஷா பையன் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுடைய மாமா அந்தப் பள்ளத்தாக்கில் வேறொரு துப்பாக்கிப் பட்டறையில் காலம் முழுக்க வேலை பார்த்தவர். "எங்க ஊர்ச் சோத்துல பாதி இரும்பு. ஆனா இவ்வளவு அழகான ஒன்னைக் கொண்டுவந்து அந்த வீட்டைச் சுத்திக் கட்டணுமா?" என்றான். இத்தாலியப் பத்திரிகைகளிலும் இதே கேள்வி வந்திருக்கிறது. பேராசிரியை பதில் சொல்லவில்லை, எங்களையே பேசவிட்டார்.

என் மனதில் பட்டதைச் சொன்னேன். அந்த மதிலை ஒட்டி நேற்றும் இன்றும் எத்தனை ஆயிரம் பேர் வெறுங்காலோடு நடந்திருப்பார்கள்! சாதாரண நாளில் படகுக்காரர் தூரத்திலிருந்து கைகாட்டி விட்டுப் போகும் இடம் இது. இன்று அதன் வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் துண்டு விரித்துப் பீச் பழம் நறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை இந்தப் பாதை மறைக்கவில்லை. இங்கே நடந்த பிறகுதான் நானே அதைக் கேட்டேன். அவன் தலையை ஆட்டினான், ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. அதுவும் நியாயம்தான். மாமாவின் கதையை அவன்தான் கூடவே வைத்திருக்கிறான்.

ஜூன் 29, புதன், மிலான் திரும்பும் வண்டியில்

காலையில் தீவின் உச்சியில் இருக்கும் செரியோலா மாதா கோயிலுக்கு ஏறினோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம். கஷ்கொட்டை மரங்களுக்கிடையே கல் பாவிய வழி. ஏறி முடிக்கும்போது சட்டை முழுக்க வியர்வை. மேலே இருந்து பார்த்தால் வேலையின் அமைப்பு முழுக்கப் புரிகிறது. கரையோடு கரையாக வளையாமல், நேர்கோடாக வெட்டிச் செல்கிறது பாதை. மலை, கரை, தீவு எல்லாம் வளைவு. இது ஒன்றுதான் நேர்.

மாதா கோயில் மதிலோர நிழலில் உட்கார்ந்து பேராசிரியை கட்டுமானத்தை விளக்கினார். மொத்தம் 2,20,000 பாலிஎத்திலீன் கட்டைகள். ஒவ்வொன்றும் உள்ளே காற்றடைத்த பெட்டி. மூலைகளைப் பெரிய திருகாணியால் பூட்டிப் பூட்டி நீளநீளமான துண்டுகளாக்கி, ஏரியில் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்திருக்கிறார்கள். காற்றில் நகர்ந்துவிடாமல் இருக்க ஏரியின் அடியில் ஏறத்தாழ 200 நங்கூரங்கள், ஒவ்வொன்றும் 5.5 டன். முக்குளிப்பவர்கள் இறங்கி அவற்றில் கயிற்றைக் கட்டினார்கள். இந்த ஏரியின் மிக ஆழமான இடம் 251 மீட்டர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே 1,00,000 சதுர மீட்டர் துணி. நாங்கள் நடந்தபோது தெரிந்ததெல்லாம் மஞ்சளும் ஆட்டமும்தான்.

செலவு சுமார் 1.5 கோடி யூரோ. நம் கணக்கில் 110 கோடி ரூபாய்க்கு மேல். இங்கேதான் வாக்குவாதம் சூடு பிடித்தது. கொலம்பியத் தோழி முகத்துக்கு நேரே கேட்டாள்: 16 நாளுக்கு இவ்வளவு பணமா? எங்கள் ஊரில் ஒரு பாலம் கட்டப் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், நிஜப் பாலம்.

அவள் கேள்வியில் உள்ள வலி உண்மையானது. அதனால் நான் நிதானமாக யோசித்துத்தான் பேசினேன். முதல் விஷயம், அந்தப் பணம் பொதுப் பணம் இல்லை. கிறிஸ்டோ விளம்பரதாரர்களை ஏற்பதில்லை. வேலை தொடங்கும் முன் அதற்காகத் தன் கையால் வரையும் படங்களையும் ஒட்டுச் சித்திரங்களையும் விற்றுத்தான் செலவு செய்கிறார். வேலை முடிந்த பிறகு அதைப் பற்றி ஒரு படம் கூட வரைவதில்லை. ரயில், போலீஸ், குப்பை அள்ளுவது என்று ஊருக்கு விழும் சுமையை நான் மறுக்கவில்லை. அது வேறு பேச்சு.

இரண்டாவது, 16 நாள். எங்கள் மதுரையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்தில் வருவார்கள். காலிப் பீப்பாய்களை அடுக்கி, மரம் பரப்பி, மேலே மண்டபம் எழுப்பி, துணியும் விளக்கும் கட்டிக் குளத்தில் மிதக்க விடுவார்கள். கரையிலிருந்து வடம் பிடித்து இழுப்பார்கள். ஊரே திரண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும். மறுநாள் பிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அது ஒரு நாள் கூத்து, வீண் செலவு என்று என் பாட்டியிடம் யாராவது சொல்லியிருந்தால் அவர் அந்த ஆளுக்குத் தண்ணீர் கூடக் கொடுத்திருக்க மாட்டார். நிலையாக நிற்பதால் ஒன்றுக்கு மதிப்பு வருகிறது என்பதை எங்கள் கட்டடக்கலைப் படிப்பு அதிகமாகவே சொல்லித்தருகிறது. ஐந்து வருஷமாக அதைத்தான் படித்திருக்கிறேன். இங்கே நடந்த பிறகு அதை அப்படியே ஏற்க முடியவில்லை.

சாமிக்காகச் செய்வது வேறு, ஒரு கலைஞர் தன் ஆசைக்காகச் செய்வது வேறு என்றாள் அவள். அவள் சொன்ன இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் பட்டது. தெப்பத்துக்குப் பின்னால் ஒரு ஊரின் பல நூறு வருஷப் பழக்கம் இருக்கிறது. இந்தப் பாதைக்குப் பின்னால் இரண்டே பேரின் பிடிவாதம். ஆனால் வந்து சேர்ந்த கூட்டத்தைப் பாருங்கள். காட்சிக்கூடத்துக்குள் காலே வைக்காத எத்தனை பேர் இங்கே வந்திருக்கிறார்கள்! யாரிடமும் விளக்கப் புத்தகம் இல்லை. புரிந்ததா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. தன் உடம்பு என்ன சொல்கிறதோ அதுதான் அவரவருக்கு அர்த்தம். செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகையும் கிடையாது, ஆனால் கழற்றினார்கள். பெரிய நகரங்களில் கோடிக்கணக்கில் செலவழித்துப் போடும் சதுக்கங்களில் மனிதர்கள் இப்படி நிதானமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நடப்பதை நான் கண்டதில்லை. நான் படித்து முடித்து வேலைக்குப் போய் ஏதாவது ஒரு தெருவை வடிவமைக்க வாய்ப்பு வந்தால், அதில் நடப்பவரின் பாதத்திலிருந்துதான் தொடங்குவேன். கொலம்பியத் தோழி இதைக் கேட்டு, அப்படியானால் எங்கள் ஊர்ப் பாலத்துக்கு நீதான் வர வேண்டும் என்றாள். வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 3க்குப் பிறகு துணி, கட்டை, கயிறு எல்லாவற்றையும் எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பிவிடுவார்களாம். நங்கூரங்களும் மேலே வந்துவிடும்.

இத்தாலியில் இருக்கும் நம்மவர்கள் யாராவது போக நினைத்தால் சில விஷயங்கள். இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. சனி, ஞாயிறு வேண்டாம், நாளையோ வெள்ளியோ போய்விடுங்கள். பிரெஷாவில் நிற்காமல் விடியும் முன்பே இசேயோ வந்துவிட்டால் பழைய சாலை வழியாக நடந்து சேர்ந்துவிடலாம், மேலிருந்து பார்க்கும் வாய்ப்பும் அந்த வழியில்தான். பாதையில் நிழலே கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், சக்கர நாற்காலியும் தாராளமாகப் போகிறது. பெஸ்கியேராவில் அந்தச் சுட்ட மீனைக் கண்டிப்பாகச் சாப்பிட்டுப் பாருங்கள், களியைவிட சுடுசோறு இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.